படிச்சாச்சு

"சார், ஃபிளாப்பி டிரைவ்னு ஒண்ணு இருக்கறதாவே இந்த லேப்டாப் ஒத்துக்க மாட்டேங்குது."

மெக்கானிக் திரையைச் சர்வேயர் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்லாம் புரிந்தவர் போலச் சர்வேயர் தலையாட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தத் தலையாட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"தூசியா இருக்கும். துடைச்சுப் பாருங்க."

"துடைச்சாச்சு சார். லைட்டே எரியலை. இருபது வருஷத்துப் பொருள், மாத்து டிரைவ் வேணும்னா பழைய இரும்புக் கடையிலதான் தேடணும். ஃபிளாப்பியில அப்படி என்ன இருக்கு?"

"ஒரு லெட்டர். என் வீட்டுக்காரி எழுதினது." சர்வேயர் ஃபிளாப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எங்க பொண்ணுக்குக் கல்யாணம். பிரிஞ்சு இருபது வருஷம் கழிச்சு அவ அம்மா பக்கத்துல போய் நிக்கணும். என்ன எழுதியிருந்தாள்னு தெரியாம எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கறது?"

"அப்பவே படிக்கலையா சார்?"

சர்வேயர் ஊரையே அளந்தவர். ஒரு நாளும் யாரிடமும் வழி கேட்டதில்லை. கேட்டால் கௌரவம் என்னாவது? வீட்டிலும் அதே கதைதான். வீடு மாற்றுவதோ, பெண்ணைப் பள்ளியில் சேர்ப்பதோ, எல்லாம் அவராகவே முடிவு செய்வார். "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டு மனைவி ஓய்ந்துபோனாள். இத்தனைக்கும் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். இந்த ஒரு விஷயத்திலாவது அவளைக் கேட்டிருக்கலாம்.

"படிக்கத்தான் உக்காந்தேன் தம்பி. வீட்டை விட்டுக் கிளம்பற அன்னிக்கு, 'படிச்சுட்டு வந்து சொல்லுங்க'ன்னு இதைக் கையில குடுத்தா. அன்னிக்கும் இதே லேப்டாப் இதே மாதிரி, டிரைவ் இல்லைன்னு காட்டிச்சு. பத்து நிமிஷம் தட்டித் தட்டிப் பாத்தேன். அவ ஹால்ல பெட்டியோட உக்காந்திருக்கா. பொண்ணு ஷூ எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது. அவளைக் கூப்பிட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சரி பண்ணியிருப்பா."

"கூப்பிடலையா?"

"அவகிட்டப் போய்த் 'தெரியலை'ன்னு சொல்றதா? வெளியே வந்து, 'படிச்சாச்சு, புதுசா ஒண்ணுமில்லை'ன்னு சொல்லிட்டேன்."

விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பொய் சொன்னேன் என்று அதற்கப்புறம் ஒரு போன் செய்திருக்கலாம். அதற்கும் அவருக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

மெக்கானிக் லேப்டாப்பைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினார். அடிமூடியை எடுத்ததும் சிரித்துவிட்டார்.

"எந்தப் புண்ணியவான் சார் இதை ரிப்பேர் பண்ணினது? டிரைவோட வயரை உருவிட்டு, முனையில காயத்துக்குப் போடற பிளாஸ்திரியைச் சுத்தி வெச்சிருக்கார்!"

"ரிப்பேருக்கே குடுத்ததில்லையே..."

"யாரோ குடுத்திருக்காங்க, விடுங்க."

பிளாஸ்திரியைப் பிரித்து வயரைச் செருகி, லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தார். பச்சை விளக்கு எரிந்தது. ஃபிளாப்பி கரகரவென்று சுழன்றது.

"உங்க அதிர்ஷ்டம், இன்னும் பூஞ்சை பிடிக்கலை. நீங்களே படிங்க சார்," என்று சொல்லி நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நாலே வரிதான் இருந்தது.

'இதை நீங்க படிக்கிறீங்கன்னா, "இது வேலை செய்யலை, கொஞ்சம் வந்து பாரு"ன்னு என்னைக் கூப்பிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். வயரைக் கழட்டி வெச்சது நான்தான். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைங்க, நாங்க எங்கேயும் போகலை.'