பச்சை அடிக்குது

"பச்சை அடிக்குது. தேய்ச்சு எடுத்துட்டு முதல்லேருந்து பூசு."

இன்ஸ்பெக்டர் ஐந்தாவது தடவையாகக் கிட்டாரைத் திருப்பிவிட்டார்.

அவள் கிட்டாரை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நீலமாகத்தான் இருந்தது.

"நீலம்தானே சார் இது?"

"நீ சொன்னா ஆச்சா?" இன்ஸ்பெக்டர் ஸ்டாண்டிலிருந்த பச்சை கிட்டாரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "பாரு, ரெண்டும் கூடப்பிறந்ததுங்க மாதிரி இருக்கு. மேலே பூசற லேக்கர் மஞ்சளா இருந்தா, நீலம் பச்சையாத்தான் காட்டும்."

எலெக்ட்ரிக் கிட்டார் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், பெயின்ட் அடிக்கும் வேலைக்கு அவள் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஒவ்வொரு கிட்டாரையும் பார்த்து பாஸ் போடும் அந்த இன்ஸ்பெக்டருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி.

இத்தனைக்கும் அந்தப் பச்சை கிட்டாரையும் அவள்தான் பூசினாள். யாரோ ஜோடியாகக் கேட்ட ஆர்டர் அது. பச்சையை முதல் தடவையே பாஸ் போட்டவர், நீலத்தை மட்டும் இரண்டு வாரமாக இழுத்தடிக்கிறார்.

புது லேக்கர் டின்னை உடைத்தாள். தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. பூசிக் காய வைத்துக் கொண்டுபோனாள்.

"லேக்கர் சரி. இப்ப அடியில இருக்கற நீலமே பச்சையா இருக்கே!"

"சார், ஜன்னல்கிட்ட வந்து பாருங்க."

வந்தார். பார்த்தார். "இங்கே நீலம்தான்."

"அப்பாடா!"

"ட்யூப் லைட் கீழே பச்சை. கிட்டாரை ஜன்னல் ஓரத்துலயேவா வாசிப்பாங்க?"

பாலிஷ் போடும் அண்ணனிடம் காட்டினாள். "நல்லா அசல் நீலம்மா. அந்த ஆளுக்குத்தான் கண்ணு பழுதாயிருக்கு" என்றார் அவர். உதவி என்று வந்து நிற்க மட்டும் அவருக்கு நேரமில்லை.

அவளுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் கொடியில் கிடந்த துண்டை உருவிக் கணவனிடம் நீட்டினாள்.

"இது என்ன கலர்?"

"நீலம்."

"சத்தியமா?"

கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தவன் சிரிக்க ஆரம்பித்தான். அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவன் ஏணியிலிருந்து விழுந்து ஒரு மாதம் ஆகிறது. கட்டு அவிழ இன்னும் ஒரு மாதம். அதுவரை வீடு ஓடுவது அவள் ஒருத்தியின் சம்பளத்தில்தான்.

"உன்னை வேலையைவிட்டுத் துரத்தப் பார்க்கறார் அந்த ஆளு. நாளைக்கு நேரா மேனேஜர்கிட்ட போ. வாயை மூடிட்டு இருந்தா தலையில மிளகாய் அரைச்சுட்டுப் போயிடுவாங்க" என்றான்.

மறுநாள் ஏழாவது தடவை. இன்ஸ்பெக்டர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"பச்சை."

அவ்வளவுதான். ஆர்டரில் கேட்ட நீலத்தைக் காட்டும் கலர் அட்டையை ஒரு கையிலும் கிட்டாரை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள்.

"எங்கே போறே? நில்லும்மா!" அவர் பதறி எழுந்தார்.

நிற்கவில்லை.

மேனேஜர் அறைக்கு வெளியே டைப்பிஸ்ட் அக்கா உட்கார்ந்திருந்தாள். "உள்ளே போன் பேசறார். என்ன விஷயம்?"

"அந்தப் பூதக்கண்ணாடிக்கு நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியலை. இன்னிக்கு இந்த கிட்டாரை மேனேஜரே பாஸ் போடணும்."

"பாஸ் போட்டுட்டா? உன் வேலை முடிஞ்சிடுமே!"

"முடியட்டும்!"

டைப்பிஸ்ட் அக்கா சட்டென்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தணித்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? ஆர்டர் குறைஞ்சு போச்சுன்னு புதுசா சேர்ந்தவங்களை நிறுத்தறாங்க. நாலு பேர். மூணு பேருக்கு இப்பதான் லெட்டர் அடிச்சு முடிச்சேன். நாலாவதா இருந்தது உன் பேருதான்."

அவள் கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கையில அரைகுறையா வேலை வெச்சிருக்கறவங்களை அதை முடிக்கற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. பட்டியல் பேச்சு அடிபட ஆரம்பிச்ச நாள்லேருந்து அவர் உன் கிட்டாரை பாஸ் போடலை. நேத்து இங்கே வந்து, 'அவ கையில ஒரு கிட்டார் முடியாம கிடக்கே, அவ பேரை எப்படி எழுதினீங்க?'ன்னு சண்டை போட்டு, உன் பேரைப் பட்டியல்லேருந்து எடுக்க வெச்சுட்டுப் போனார். ஒண்ணாம் தேதி புது ஆர்டர் வருது. அதைத் தாண்டிட்டா நீ பிழைச்சே."

"மத்த மூணு பேர்?"

"அவங்க வேற பிரிவு. அவர் கைக்கு எட்டலை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"சொன்னா நீ ஒழுங்காப் பூசுவியா? வேணும்னே கெடுத்து வெச்சிருப்பே. அப்புறம் அதுக்கே வேலை போயிருக்கும்."

அதற்குள் கதவு திறந்தது.

"என்ன இங்கே குசுகுசுப்பு?" மேனேஜர் அவள் கையிலிருந்த கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். முகம் மலர்ந்தது. "அடடா, என்ன அருமையான நீலம்! முடிஞ்சிருச்சா?"

டைப்ரைட்டர் பக்கம் திரும்பிய டைப்பிஸ்ட் அக்காவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. தூரத்தில் இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார்.

அவள் கலர் அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இல்லை சார். நல்லாப் பாருங்க. பச்சை அடிக்குது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, கிட்டாரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆமாமா... நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."