ஊர் போய்ச் சேரும்வரை

"துடைப்பத்தைக் கீழே வைன்னு சொன்னேனா இல்லையா?"

"அவளை ஏன் தடுக்கறே? நீ பெருக்கும்மா!"

வேலைக்கு வந்த கெம்பம்மா, சத்தம் போடும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே துடைப்பமும் கையுமாக நின்றாள்.

"கச குடிஸ்லா, பேடவா?" பெருக்கவா, வேண்டாமா என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டாள்.

"பேட. நாளெ பா," என்று நாளைக்கு வரச் சொல்லிவிட்டாள் சுப்புலக்ஷ்மி.

விட்டது தொல்லை என்று கெம்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் போயே போனாள்.

சேஷகிரிக்குப் பொறுக்கவில்லை. "மல்லேஸ்வரத்துத் தூசி மொத்தமும் நம்ம கூடத்துலதான் இருக்கு. சாயந்திரம் என் சிநேகிதன் மஞ்சுநாத் பொண்டாட்டியோட வரான். இந்தக் குப்பையிலயா உட்கார வைப்பே?"

"உட்காரட்டும். ஒருத்தர் ஊருக்குக் கிளம்பினா, போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைப் பெருக்கப்படாது. உங்கம்மா சொன்னதுதான்."

"அம்மா காலத்துல மைசூருக்குப் போனா. மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ந்தா, இங்க பெருக்கினா. ரித்விக் போறது சான் பிரான்சிஸ்கோவுக்குடி! பதினாலாயிரம் கிலோமீட்டர். நேர் ஃபிளைட்டுன்னாலும் பதினேழு மணி நேரம்!"

"சரி, பதினேழு மணி நேரம் பெருக்க வேண்டாம்."

"பாதி தூரம் தாண்டினதும் பாதி வீட்டைப் பெருக்கிக்கலாமா? அந்தச் சலுகையாவது உண்டா?"

"கிண்டல் பண்ணாதேங்கோ. குழந்தை நடுவானத்துல இருக்கான்."

"முப்பத்தஞ்சு வயசுக் குழந்தை!"

அவள் மொபைலை எடுத்தாள். திரையில் குட்டி விமானம் ஒன்று நகர்வதே தெரியாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

"வங்காள விரிகுடா வந்தாச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'எங்கே, காட்டு' என்று கேட்க சேஷகிரிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, விறுவிறுவென்று போய்த் துடைப்பத்தை எடுத்தார்.

"யாரும் வேண்டாம், நானே பெருக்கிக்கறேன்."

ஒரு இழுப்பு இழுப்பதற்குள் சுப்புலக்ஷ்மி ஓடிவந்து துடைப்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, சுப்பு. சாஸ்திரம் பேசறதுன்னா முழுசாப் பேசு. கிளம்பிப் போன வீட்டைத்தானே பெருக்கக் கூடாது? உன் பிள்ளை எங்கேர்ந்து கிளம்பினான்? ஒயிட்ஃபீல்டு ஹோட்டல்லேர்ந்து! ஆபீஸ் வேலைன்னு வந்து இத்தனை நாள் இதே ஊர்ல இருந்தானே, ஒருநாள் இந்த வாசலை மிதிச்சானா?"

"மிதிக்கப்படாதுன்னு அவன் கல்யாணத்தன்னிக்குச் சொன்னது யாரு?"

சேஷகிரியின் பிடி தளர்ந்தது. சுப்புலக்ஷ்மி துடைப்பத்தை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். அவள் குரல் இப்போது இறங்கியிருந்தது.

"அவன் ரூமைக் காலி பண்ணின நிமிஷமே ஹோட்டல்காரா பெருக்கித் துடைச்சு அடுத்த ஆளுக்குக் கொடுத்திருப்பா. அவன் போய்ச் சேர்ற வரைக்கும் பெருக்காம, இந்த ஊர்ல ஒரு வீடாவது இருக்க வேண்டாமா, சொல்லுங்கோ?"