மீனுக்குப் பொரி

"என்னத்தய்யா ஆத்துல கொட்டுனே?" ஓடத்தின் மறுமுனையிலிருந்து எனிஃபா கேட்டாள்.

"மீனுக்குப் பொரி."

"நமக்கே சோளக்களி அரை வயிறு. இதுல மீனுக்கு விருந்து வேறயா?" எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வைசனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டியது இருபத்தாறு மாத்திரை. விடியலில் கரும்பு வெட்டப் போகிறவன் வெறும் வயிற்றில் அதைப் போட்டால் தலை சுற்றும். அரிவாள் காலில் இறங்கும். அதனால் பல நாள் போடுவதில்லை. போன தடவை மாத்திரை வாங்கப் போனபோது மிச்சத்தை எண்ணிவிட்டு மருந்தாளர் தமண்டா அம்மா எல்லார் எதிரிலும் விளாசிவிட்டார்.

"நீ லீவு போட்டா எச்.ஐ.வி.யும் லீவு போடுமா? இனி மிச்சம் வந்துது, உன் பொண்டாட்டிய வெச்சுக்கிட்டே எண்ணுவேன்!"

இன்று மாத்திரை வாங்க எனிஃபாவும் கூட வருகிறாள். அந்த அவமானம் மட்டும் வேண்டாம். எனிஃபாவுக்கும் அதே மாத்திரைதான். அவள் ஒரு நாள் தவறியதில்லை. பிள்ளைக்கு நோய் ஒட்டக்கூடாதே!

"என் புட்டி நேத்தோட காலி" என்று அவள் கவிழ்த்துக் காட்டினாள். "கணக்குச் சுத்தம். உன்னுது?"

"வந்து பாரேன்."

மருந்தகத்தில் அன்று வரிசையே இல்லை. தமண்டா அவனுடைய புட்டியை நீலத் தட்டில் கவிழ்த்தார். இரண்டு மாத்திரை உருண்டன.

"ரெண்டுதானா?"

"ரெண்டே ரெண்டுதாம்மா. ரெண்டு நாளுக்கு மேல விடலையே!" வைசன் நெஞ்சை நிமிர்த்தினான். எனிஃபா பெருமையோடு அவன் தோளில் இடித்தாள்.

பாராட்டு வரவில்லை. தமண்டா புட்டியை மறுபடி உதறினார். உள்ளே விரல் விட்டுத் துழாவினார்.

"பையில இருக்கா? வீட்டுல எங்கயாவது? திட்டமாட்டேன்பா, சொல்லு."

"சத்தியமா இல்லம்மா. இந்தத் தடவை நீங்க என்னைக் குத்தம் சொல்லவே முடியாது."

தமண்டா எழுந்துபோய் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே வெறும் அட்டைப்பெட்டிகள்.

"மருந்து வண்டி வந்து ரெண்டு மாசமாச்சு. இனி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. மத்தவங்களையெல்லாம் வெறுங்கையோட அனுப்பிட்டேன்" என்றவர், எனிஃபாவின் வயிற்றைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார். "இவளுக்கு மட்டும் பிரசவம் வரைக்கும் ஓடிரும்னு தைரியமா இருந்தேன் வைசன்... உன் மிச்சத்தை நம்பி."