கைச்சூடு

ஆற்றுத் தண்ணீரின் வெப்பத்தைப் பதிவு செய்யும் மலிவுக் கருவி அது. இரண்டு பெண்கள் தங்கள் பட்டறையில் கையாலேயே செய்தது. வாங்க வந்திருக்கும் நீர்வளத்துறை அதிகாரியின் சோதனையில் இன்று தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டுதான்.

ஐஸ் வாளியில் பூஜ்யம் காட்டித் தேறியது. அடுத்தது கைச்சூடு. கருவியின் முனையை அதிகாரி பொத்திப் பிடித்தார், முப்பத்தைந்து டிகிரி. மூத்தவளுக்கும் அதேதான். ஸ்வெட்டரோடு நின்ற இளையவள் பிடித்ததும் முப்பத்தெட்டு.

“ஆளுக்கொரு கணக்குச் சொல்லுதே. மலிவுன்னா இப்படித்தான்” என்று அதிகாரி கிளம்பப் பையை எடுத்தார்.

மூத்தவள் சட்டென்று இளையவளின் நெற்றியைத் தொட்டாள். “அடிப்பாவி, நெருப்பாக் கொதிக்குது. ஏன்டி வந்த?”

“நான் படுத்துட்டா இந்தக் கருவிக்காக யாரு பேசுவா, அக்கா?”

முதலுதவிப் பெட்டியின் தெர்மாமீட்டரும் காய்ச்சல் என்றே சொன்னது.

“அப்போ ரிப்பேர் எனக்குத்தான் சார், கருவிக்கு இல்ல” என்று இளையவள் நடுங்கிக்கொண்டே சிரித்தாள்.

அதிகாரி பையைக் கீழே வைத்தார். “முதல்ல மாத்திரையப் போடும்மா. நூறு கருவி செய்ய ஆள் வேணும்.”