வேலப்பன் தோளில் ஒரு வெட்டு

பதினாறாம் நாள். வேலப்பன் படத்துக்கு முன்னால் அவர் புகழ் சொல்லும் வேட்டைத் துப்பாக்கியையும் குஸ்திக் கோப்பைகளையும் படைத்திருந்தார்கள்.

“விழிஞ்ஞம் கடல்ல சுறாவைக் குத்திக் கொன்னாருல்லா, தோள்ல அந்த வெட்டு அப்ப விழுந்ததுதான்” என்றார் கூட்டாளி தாணு.

“இல்லவே! சாலைக் கடைத்தெருவுல நாலு ரவுடியை ஒத்தைக்கு அடிச்சு விரட்டினப்போ பட்டது” என்றார் வேலப்பனின் தம்பி. “ஆனா வீட்டுல பசு. குரலை உசத்தினதே கெடையாது. இப்பிடி ஒரு குடும்பஸ்தன் உண்டுமா, மைனி?”

வேலப்பனின் மனைவி வடிவம்மாள் அடுக்களைக்குப் போய், விறகு கீறும் பழைய வெட்டுக்கத்தியை எடுத்துவந்து துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுவும் இருக்கட்டும். மகளை மிதிச்சுக் கையை ஒடிச்ச அன்னைக்கு, இதை வச்சுத்தான் அவரு தோள்ல வெட்டினேன். அதுக்குப் பெறவுதான் அவரு நல்ல குடும்பஸ்தர் ஆனாரு.”