டீ கிளாஸ்கள்

இரத்த வங்கியின் கணினித் திரை அசையாமல் நின்றது. "ஓ நெகட்டிவ் இருக்கா இல்லையா, சொல்லுங்க சார்!" என்று போனில் நர்ஸ் பதறினாள். "டேட்டாபேஸ் தாங்கல, பெருசாக்கணும்," என்று சாதித்தான் மருதவேல். பைத்தான் மொழியில், டேட்டாபேஸோடு பேசும் ஓ.ஆர்.எம். என்ற கருவியை வைத்து அந்த நிரலை எழுதியவன் அவன்தான். கூட வேலை செய்யும் தாட்சாயணி திரையைப் பார்க்கவில்லை; அவன் மேசையைப் பார்த்தாள். பாலாடை காய்ந்த டீ கிளாஸ்கள் வரிசையாகக் கிடந்தன. வாசலில் டீக்காரர் ஊற்றக் கிளாஸ் இல்லாமல் நின்றார்.

"எரர் வந்தா, டேட்டாபேஸ்ல எடுத்த கனெக்ஷனைத் திருப்பிக் குடுக்குறியா?" என்று கேட்டாள்.

நிரலில் அப்படியொரு வரியே இல்லை. எடுத்த கனெக்ஷனெல்லாம் திரும்பாமல் தேங்கிக் கிடந்தது; புதிதாகக் கேட்டால் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் அந்த வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினான். திரை அசைந்தது: ஓ நெகட்டிவ், இரண்டு பை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று வியந்து திரும்பினான். அவன் மேசையில் ஒரு கிளாஸும் இல்லை. வாசலில் தாட்சாயணி கழுவிக் கொடுத்த கிளாஸ்களில் டீக்காரர் ஊற்றிக்கொண்டிருந்தார்.