பதாகையில் ஒரு வரி

மறுநாள் ஊர்வலத்துக்கான பதாகை தரையில் விரிந்து கிடந்தது. காணாமல்போன கணவனின் அடையாளங்களை அவள் சொல்லச் சொல்ல, காணாமல்போனோர் குடும்பங்களின் சங்கத்துக்குப் புதிதாக வந்திருந்த தொண்டர் தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"நீலச் சட்டை. இடது புருவத்துல தழும்பு. அவ்வளவுதாண்ணே."

"இப்படி எழுதினா ஊர்ல பாதிப் பேரைக் கொண்டாந்து நிறுத்திடுவாங்க தங்கச்சி," என்று சிரித்தார் தொண்டர். "சாக்ஸ்ல சிவப்பு நூல் தையல் இருந்துச்சே, அதையும் போட்டுடுவோம்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

கணவன் காணாமல்போன அன்று காலை அவசரத்தில் அவள் போட்ட தையல் அது. "ஷூவுக்குள்ள இருக்கறத யாரு பார்க்கப் போறா?" என்று கேலி செய்துவிட்டுத்தான் கணவன் வேலைக்குக் கிளம்பினான். வழியிலேயே யாரோ அவனை வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஏழு மாதமாயிற்று.

பொய்த் தகவலோடு வருபவர்களைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு குடும்பமும் ஓர் அடையாளத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. அவள் சொல்லாமல் வைத்திருந்தது அந்தத் தையலைத்தான்.

வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். சாயக் கிண்ணத்தை அவள் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"போடுங்கண்ணே. எந்தக் கால்னும் சேர்த்து எழுதிடுங்க."

எந்தக் கால் என்று அவர் அவளைக் கேட்கவே இல்லை. 'வலது கால்' என்று சரியாக எழுதினார்.